அரங்கைக் கட்டியது அவையே

நடுவர் அவர்களே, அவையோரே, எதிரணி நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'லண்டன் நாடக அரங்குகளை உருவாக்கியவர்கள் கட்டடக் கலைஞர்களா, பார்வையாளர்களா?' என்பது இன்றைய தலைப்பு. பார்வையாளர்களே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் கிறிஸ்டோபர் ரென், ராபர்ட் ஸ்மர்க், ஃப்ராங்க் மேட்சம் என்று பெயர்களை அடுக்கினார். பெரிய பெயர்கள்தாம், மறுக்க மாட்டேன். அந்த ஸ்மர்க் எழுப்பிய அரங்கிலிருந்தே தொடங்குகிறேன்.

1808 செப்டம்பரில் கோவன்ட் கார்டன் அரங்கு எரிந்து சாம்பலானது. ஓராண்டுக்குள் ஸ்மர்க் புதிய அரங்கைக் கட்டி முடித்தார். கிரேக்கக் கோயிலை நினைவூட்டும் தூண் முகப்பு, கம்பீரமான படிக்கட்டு. ஆனால் உள்ளே என்ன செய்திருந்தார்கள்? மூன்றாம் அடுக்கைச் செல்வந்தர்கள் ஆண்டு வாடகைக்கு எடுக்கும் தனி அறைகளாகத் தடுத்துவிட்டார்கள். எளியவர்களுக்குக் கூரையை ஒட்டிய பொந்துகள். 'புறாக்கூண்டு' என்று மக்களே அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். மேடைக்கு முன்னுள்ள தரைப்பகுதிக்கு மூன்றரை ஷில்லிங்காக இருந்த கட்டணம் நான்கு ஷில்லிங் ஆனது. சுற்றடுக்குகளில் தடுத்து அமைத்த 'பாக்ஸ்' இருக்கைகளுக்கு ஆறு ஷில்லிங் ஏழானது.

1809 செப்டம்பர் 18, திறப்பு விழா இரவு. நிர்வாகியும் புகழ்பெற்ற நடிகருமான ஜான் கெம்பிள் மேடைக்கு வந்து பேசுகிறார். ஒரு சொல் கேட்கவில்லை. 'பழைய கட்டணம்! பழைய கட்டணம்!' என்று அரங்கமே முழங்குகிறது. மறுநாளும் அப்படியே. மணி அடித்தார்கள், கொம்பு ஊதினார்கள், பலகைகளின் மேல் ஏறித் தாளமிட்டு ஆடினார்கள். குத்துச்சண்டைக்காரர்களை அழைத்து வந்து அடக்கப் பார்த்தது நிர்வாகம். கூட்டம் அடங்கவில்லை. அறுபது இரவுகளுக்கும் மேல் நீடித்த அந்தப் போராட்டம் டிசம்பரில் முடிந்தபோது கெம்பிள் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டார். தரைப்பகுதிக் கட்டணம் பழையபடி மூன்றரை ஷில்லிங்குக்கு இறங்கியது. பாக்ஸ் கட்டணம் ஏழாகவே நின்றது, அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் தனி அறைகளின் எண்ணிக்கையைக் குறைக்க நிர்வாகம் ஒப்புக்கொண்டது. நடுவர் அவர்களே, தடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை அந்த அரங்கில் கடைசியாகத் தீர்மானித்தது யார்?

மேட்சமைப் பற்றி எதிரணி உருகி உருகிப் பேசியது. எனக்கும் அவர்மேல் பெருமதிப்பு உண்டு. 1901இல் ஹாக்னி எம்பயர், 1904இல் கொலிசியம், 1910இல் பல்லேடியம் என்று எழுப்பியவர். அவருடைய அரங்குகளில் எஃகு உத்திரங்கள் பால்கனியைப் பின்சுவரிலிருந்தே தாங்கி நிற்கும், முன்னால் தூண் நிற்காது. அது யாருக்காக? பழைய அரங்குகளில் தூணுக்குப் பின்னால் கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்த பார்வையாளருக்காக. அந்தக் கழுத்துவலிதான் அவருக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது என்பேன்.

பார்வையாளரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனின் ட்ரூரி லேன் அரங்கு சாட்சி. 1794இல் 3,600 பேருக்கு மேல் அமரும்படி அதைப் பிரம்மாண்டமாகக் கட்டினார்கள். தொலைவில் இருந்தவர்களுக்கு நடிகர்களின் முகபாவம் தெரியவில்லை, குரல் எட்டவில்லை. வசனத்தை விட்டுக் கண்ணைக் கவரும் காட்சி ஜாலங்களுக்குத் திரும்பியது மேடை. 1809இல் அந்த அரங்கைத் தீ விழுங்கியது.

இறுதியாக ஒன்று, நடுவர் அவர்களே. 1587இல் தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் எழுந்தது ரோஸ் அரங்கு. இருபது ஆண்டுகள்கூட இயங்காமல் மண்ணுக்குள் போய்விட்டது. 1989இல் அலுவலகக் கட்டடம் ஒன்றுக்காகத் தோண்டியபோது அதன் அடித்தளம் வெளிப்பட்டது. மேடையை நோக்கிச் சரியும் தரை, அதில் பரப்பிய மண்ணோடு கலந்து கிடந்த ஹேசல் கொட்டை ஓடுகள். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பென்னி கொடுத்து நின்றபடி நாடகம் பார்த்தவர்களின் கால்பட்ட தரை அது! அதை மூடிக் கட்டடம் எழுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் நடிகர்களும் பொதுமக்களும் அங்கே திரண்டு நின்றார்கள். கட்டடத்தின் வரைபடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. மேலே அலுவலகம் நிற்கிறது. கீழே, மணலும் நீரும் மூடிக் காக்க, அந்தத் தரை இன்னும் இருக்கிறது.