பழஞ்சேலையின் குளிர்காலம்

(மார்கழி மாலையொன்றில் கரூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

விடியுமுன் எழுந்து வாசல் தெளித்துக் கோலமிட்ட கையோடு அன்றைய வேலைகளையும் முடித்துவிட்டு இங்கே வந்திருக்கும் பெண்களும், தறிக்கூடத்திலிருந்தும் தையற்கூடத்திலிருந்தும் நேரே வந்திருக்கும் தோழர்களும் நிறைந்த அவை இது. படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் சமையலறைத் துண்டும் அனுப்பி உலகத்தின் எத்தனையோ வீடுகளை அலங்கரிக்கிற ஊர் கரூர். இங்கே புதுத்துணியைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. ஆகவே இன்று பழந்துணியைப் பற்றிப் பேச விரும்புகிறேன்.

மார்கழியின் கடைசி நாள் போகி. வீட்டில் தேங்கிக் கிடந்த பழம்பாயையும் கிழிந்த துணியையும் அன்று விடியற்காலையில் வாசலில் இட்டுக் கொளுத்துவது நம் வழக்கம். பாயும் ஓலையும் மட்டும் எரிந்த காலத்தில் அதனால் பெருங்கேடு விளையவில்லை. இப்போது பிளாஸ்டிக்கும் டயரும் செயற்கை இழைத்துணியும் அந்தத் தீயில் சேர்வதால், எரிக்க வேண்டாம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறது. எரிப்பதற்கு ஆதாரமாக நாம் எடுத்துச் சொல்வது "பழையன கழிதலும் புதியன புகுதலும்" என்ற தொடரை. அது நன்னூலில் வருகிறது. பவணந்தி முனிவர் அவ்விடத்தில் பேசுவது மொழியைப் பற்றித்தான்: பழைய வழக்குகள் சில மறைவதும் புதியன சில வந்து சேர்வதும் காலத்தின் இயல்பு, அது வழுவாகாது என்கிறார். சொல்லுக்கு அவர் வகுத்த விதியை நாம் சேலைக்கும் ஏற்றிவிட்டோம். பருத்தித்துணிக்கு அந்த விதி பொருந்தாது என்பதே என் வாதம். உடுத்தி, துவைத்து, வெயிலில் உலர்ந்து பழகப் பழகத்தான் சில வேலைகளுக்கு அது தகுதி பெறுகிறது. அந்த வேலைகளைப் பொறுத்தவரை பழமை துணியின் குறையாகாது, குணமாகும்.

இதை நான் கற்றுக்கொண்டது காந்தா என்ற வங்காளத்துப் போர்வையிடமிருந்து. நமக்கு மார்கழியாக இருக்கும் நாள்கள் அவர்களுக்குப் பௌஷ மாதம். ஈச்சமரத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சிப் புதுவெல்லம் எடுப்பதும், புத்தரிசி மாவில் அந்த வெல்லத்தைச் சேர்த்துப் பிட்டே என்ற பலகாரம் செய்வதும் அந்த மாதத்தில்தான். பௌஷ சங்கராந்தி நம் பொங்கலை ஒட்டியே வருகிறது. ஆனால் குளிர் நம்முடையதைவிடக் கடுமையானது. பீர்பூம் மாவட்டத்துச் சிற்றூர்களில் இரவு வெப்பநிலை 10, 12 பாகைக்கு இறங்கிவிடும். ஏழைக் குடும்பத்துக்குக் கம்பளி எட்டாத பொருள். வீட்டில் இருந்தவை உடுத்தித் தேய்ந்த சேலையும் வேட்டியும். அவற்றை அடுக்கி ஒன்றாகத் தைத்த போர்வையே காந்தா. குளிருக்கான கனத்த போர்வைக்கு லேப் காந்தா என்று தனிப்பெயரே உண்டு.

அந்தச் சொல் நமக்கு அயலானதன்று. வடமொழியில் கந்தா என்றால் ஒட்டுப்போட்ட கந்தலாடை. அங்கிருந்து வங்காளிக்குக் காந்தாவும் நமக்குக் கந்தையும் வந்தன. வேர் ஒன்றாயினும் இரு நாட்டிலும் அது பெற்ற மதிப்பு வேறு. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்ற நம் முதுமொழி கந்தைக்குத் தூய்மையைத் தருகிறது, அழகைத் தரவில்லை. இன்னும் பின்னே போனால், பொருநராற்றுப்படையில் வரும் வறிய கலைஞன் உடுத்தியிருப்பது "வேற்றிழை நுழைந்த துன்னல் சிதாஅர்", அதாவது வேறு நூல்கள் நுழைத்துத் தைத்த கந்தல். கரிகாலன் அதைக் களையச் செய்து, பாம்பின் தோல்போல் மெல்லிய புத்தாடை தருகிறான். அங்கே தையல் வறுமையின் தழும்பு. மன்னனின் கொடை அதை அகற்றுகிறது. வங்காளத்திலோ அதே வேற்றிழை நுழைந்த துன்னல் மணமகளுக்குச் சீராகச் சென்றது, விருந்தினர் அமர விரிப்பாயிற்று, கண்ணாடிக்கும் புத்தகத்துக்கும் உறையாயிற்று. ஆண்டுக்கணக்கில் இந்த வேறுபாட்டை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வறுமை இரு நாட்டிலும் இருந்தது. அங்கே அந்தத் துணிக்குப் பெண்கள் கொடுத்த நேரம்தான் அதன் மதிப்பை மாற்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் கருத்து முழுவதும் அதில்தான் இருக்கிறது. எடுக்கும் சேலை பெரும்பாலும் வெள்ளையுடலும் சிவப்பு, நீலம், கறுப்புக் கரையும் கொண்டது. முதலில் கரையைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். அந்தக் கரையிலிருந்து வண்ண இழைகளை ஒவ்வொன்றாக உருவிச் சுற்றி வைத்தால் பூவேலைக்கு நூல் கிடைத்துவிடும். பழைய காந்தாக்களில் சிவப்பும் நீலமும் கறுப்புமே மிகுந்திருப்பதற்கு இதுவே காரணம். சேலையின் உடல்பகுதியை மூன்று முதல் ஏழு அடுக்கு வரை, தேவைக்கேற்ப, சுத்தமான தரையில் சுருக்கமின்றி விரித்து, ஓரங்களில் பாரம் வைத்து இழுத்துப் பிடித்து, முதலில் நான்கு விளிம்பையும் தைத்துவிடுவார்கள். பிறகு நம் வீட்டுச் சிறுமியும் அறிந்த ஓட்டுத்தையல்தான். ஊசி மேலும் கீழுமாக ஓடும், வேறு வித்தை இல்லை. உருவங்கள் வண்ண நூலில் முடிந்தபின், மீதியிடம் முழுவதையும் வெள்ளைமேல் வெள்ளை நூலால், அந்த உருவங்களைச் சுற்றிச் சுற்றி, குளத்தில் கல்லெறிந்தால் எழும் வளையங்கள் போல் நிரப்புவார்கள். நூல் இலேசாக இழுபடுவதால் பரப்பு முழுவதும் நுண்ணிய அலைகள் எழும். கைதேர்ந்தவர் தைத்ததில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று பிரித்தறிய முடியாது.

இங்கேதான் பழமையின் குணம் தெரிகிறது. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், முறுக்கு இருக்கும். ஐந்து அடுக்கை ஒன்றாக வைத்தால் ஊசி முரண்டு பிடிக்கும், முதல் சலவையில் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வோர் அளவுக்குச் சுருங்கிக் கோணிப்போகும். பலநூறு முறை துவைத்த சேலை சுருங்க வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே சுருங்கிவிட்டது. அதன் இழை தளர்ந்து மெத்தென்று இருப்பதால் ஊசி வழுக்கிக்கொண்டு இறங்கும். போர்த்தினால் உடம்பில் உறுத்தாது. அடுக்குகளுக்கிடையே தையல் வரிகள் காற்றைச் சிறு சிறு அறைகளாகப் பிடித்து நிறுத்துகின்றன. அசையாத காற்றுதான் வெப்பத்தைத் தேக்கி வைக்கிறது. மெல்லிய ஐந்து துணிகளுக்குக் கம்பளியின் வேலையைச் செய்யும் ஆற்றல் இப்படித்தான் வருகிறது.

உழைப்பையும் ஒரு கணக்காகப் பாருங்கள். 5 அடி அகலமும் 6 அடி நீளமும் உள்ள போர்வையில் கால் அங்குலத்துக்கு ஒரு வரி, அங்குலத்துக்கு 4 தையல் என்று வைத்துக்கொண்டால், 240 வரி, வரிக்கு 288 தையல், மொத்தம் 69,120 தையல். இது பூவேலையைச் சேர்க்காத கணக்கு. நல்ல காந்தாக்களில் வரிகள் இதைவிட நெருக்கமாகவே இருக்கும். மழைக்காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் பகற்பொழுதுகளில் தொடங்கிக் குளிருக்குள் முடிக்க முயல்வார்கள். முடியாதபோது அடுத்த ஆண்டுக்கு வைப்பார்கள். பாட்டி தொடங்கியதைப் பேத்தி முடித்ததும் உண்டு.

பூவேலையில் நடுவே தாமரை, நான்கு மூலையில் நான்கு மரங்கள் என்பது பலருக்கும் பழகிய அமைப்பு. வங்கப் பெண்கள் தரையில் அரிசிமாவுக் கரைசலால் இடும் ஆல்பனாவிலும் இந்தத் தாமரை உண்டு. நம் மாக்கோலத்துக்கு அக்காள் தங்கை முறை அது. தரையில் மறுநாள் அழிந்துபோவது, துணியில் ஏறித் தங்கிவிடுகிறது. இடைவெளிகளில் யானை, மீன், படகு, பல்லக்கு, பாக்குவெட்டி, சீப்பு என்று வீட்டிலும் தெருவிலும் கண்டதெல்லாம் வரும். 19ஆம் நூற்றாண்டுக் காந்தாக்கள் சிலவற்றில் தொப்பியணிந்த ஆங்கிலச் சிப்பாய்களும் உள்ளனர். பள்ளிக்குச் செல்லாத பெண்கள் தாம் வாழ்ந்த காலத்தைத் தம் போர்வையில் பதிந்து வைத்தார்கள்.

அவர்களில் மிகச் சிலரின் பெயரே நமக்குத் தெரியும். மானதாசுந்தரி தாசி என்பவர் 19ஆம் நூற்றாண்டில் தம் தந்தைக்காக ஒரு காந்தா தைத்தார். தந்தைக்காகத் தம் கையால் தைத்தது என்று அதிலேயே நூலால் எழுதியும் வைத்தார். கல்கத்தாவின் தெற்கே ஜோகாவில் உள்ள குருசதய் தத் அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. குருசதய் தத் 1882இல் பிறந்து 1941இல் மறைந்த ஐ.சி.எஸ். அதிகாரி, ஆட்சிப் பணிக்காகச் சென்ற ஊர்களிலெல்லாம் குடியானவர் வீடுகளின் காந்தாவையும் பொம்மையையும் படச்சுருளையும் கலைப்பொருளாக மதித்துச் சேர்த்தவர். கலை வரலாற்றறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் சேர்த்த காந்தாக்கள் அமெரிக்காவில் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. கிழிந்த சேலையில் பிறந்தது கண்ணாடிப் பேழைக்குள் போனதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனாலும் அது ஒரு மனிதரைப் போர்த்துவதற்காகத் தைக்கப்பட்டது என்பதைப் பேழையின் முன் நிற்பவர் மறந்துவிடக் கூடாது.

நாட்டுப் பிரிவினையும் மில் போர்வையும் இந்தக் கலையை நலியச் செய்தன. பிறகு இரு வங்கத்திலும் பெண்கள் குழுக்கள் அதைப் பிழைப்புக்குரிய தொழிலாக மீட்டெடுத்தன. நக்ஷி காந்தா எனப்படும் பூவேலைக் காந்தாவுக்கு மேற்கு வங்கம் 2008இல் புவிசார் குறியீடு பெற்றது. காந்தாக் கலைஞர்களான பிரீதிகணா கோஸ்வாமிக்கு 2023இலும் தக்தீரா பேகத்துக்கு 2024இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. கடைகளில் இன்று காந்தா என்று விற்பவற்றில் பெரும்பகுதி புதிய டசர்ப் பட்டில் அந்தத் தையலை இட்டது. அழகானது, ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சோறு போடுவது. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஆயினும் அதில் தையல் இருக்கிறது, கந்தை இல்லை. ஒருவர் உடுத்திப் பழகிய மென்மையைப் புதுப்பட்டில் எவராலும் தைக்க முடியாது.

இழை பிரித்து மறுபயன்பாடு செய்வதை நீங்கள் அறிவீர்கள். திருப்பூர் பனியன் வெட்டுத்துணியைக் கிழித்துப் பஞ்சாக்கி, ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லில் மீண்டும் நூலாக்கி, அந்த நூலில் இங்கே துண்டும் விரிப்பும் நெய்கிறோம். மலைபோல் குவியும் கழிவுக்கு அது தேவையான வழி. கிழிக்கும்போது இழை குட்டையாகி வலுவிழக்கிறது என்பதும் நீங்கள் கண்டதே. அதோடு, துணிக்குள் இருந்த ஆளும் மறைந்துவிடுகிறார். காந்தாவில் அம்மாவின் சேலை அம்மாவின் சேலையாகவே இருக்கும்.

பீகாரில் இதே வேலைக்குச் சுஜினி என்று பெயர். பிறந்த குழந்தைக்காகப் பழஞ்சேலைத் துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது அது. அங்கே சித்திரியா மா என்று ஒரு தாய்த்தெய்வம் உண்டு. கந்தல்களின் அன்னை என்று பொருள். துண்டுகள் சேர்ந்தால் முழுமை வரும் என்ற நம்பிக்கை அந்தத் தெய்வத்தின் வடிவில் நிற்கிறது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் வீட்டு உத்திரமும் அதில் தொங்கிய தூளியும் நினைவுக்கு வந்தன. பிள்ளைத்தூளிக்குப் புதுச்சேலை கட்டியதை நான் கண்டதில்லை. பாட்டியின் பழைய சுங்குடிச் சேலையில்தான் நாங்கள் அத்தனை பேரும் உறங்கினோம். என் தம்பி பிறந்தபோது யாரோ அன்போடு ஒரு புதுச்சேலையைக் கொண்டுவந்தார்கள். பாட்டி அதை வாங்கிப் பெட்டியில் வைத்துவிட்டு, "அது இன்னும் பழகலை" என்றார். பழமை துணியின் குணம் என்று நான் இவ்வளவு நேரம் பேசியதை அவர் மூன்று சொல்லில் சொல்லிவிட்டார்.

எனவே இந்த மார்கழியில், போகிக்கு முன், பீரோவின் அடித்தட்டைத் திறந்து பாருங்கள். பருத்திச் சேலையை மட்டும் எடுங்கள். பாலியஸ்டர் எத்தனை ஆண்டானாலும் பழகாது. வங்கச் சேலையைவிட நம் சேலைகள் கனமானவை. ஆகவே செட்டிநாட்டுக் கண்டாங்கியானால் இரண்டு அடுக்கு போதும், மெல்லிய சுங்குடியானால் நான்கு வைக்கலாம். சாயம் போகிறதா என்று ஈர வெள்ளைத்துணியால் ஒருமுறை தேய்த்துப் பாருங்கள். கொசுவமும் முழங்காலும் பட்டு நைந்த இடங்களை உள்ளடுக்கில் வையுங்கள், முந்தானைப் பக்கத்தை மேலே வையுங்கள். முதன்முதலில் பெரிய போர்வை வேண்டாம். நாற்காலிக்கு ஒரு விரிப்பு, தலையணைக்கு ஓர் உறை என்று தொடங்குங்கள். வரி கோணினால் பிரிக்காதீர்கள், அடுத்த வரி அதைத் தாங்கிக்கொள்ளும்.

என் தாயாரின் சேலைகள் மூன்றை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். கரைகளைப் பிரித்துவிட்டேன்; உருவிய நூல் இந்தத் தகரப்பெட்டியில் இருக்கிறது. விளிம்புகளை நேற்றிரவு தைத்து முடித்தேன். நடுவில் தாமரைக்குப் பென்சிலால் குறியிட்டிருக்கிறேன், இதழ் எட்டு. கூட்டம் முடிந்தபின் இந்த மேசைக்கு வாருங்கள். ஊசிகளைக் கோத்து வைத்திருக்கிறேன். இருட்டுவதற்குள் ஓர் இதழாவது முடிந்துவிடும்.