பத்தாயிரம் ரூபாய் போனில் வகுப்பு வீடியோவும் பிடிஎஃப்பும்: ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இன்றைக்கு முதல் கேள்வி கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியது. அப்படியே படிக்கிறேன்.

"அண்ணா, நான் தினமும் கடலூரிலிருந்து பாண்டிச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். ராத்திரி வீட்டு வைஃபையில் வகுப்பு வீடியோக்களை டவுன்லோட் செய்துவைத்து, மறுநாள் பஸ்ஸில் பார்ப்பேன். பள்ளிப் பாடப்புத்தக பிடிஎஃப்களும் அதில்தான். இப்போது இருக்கும் 32 ஜிபி போன் தினமும் 'இடமில்லை' என்கிறது. பத்தாயிரத்துக்குள் எதை வாங்கலாம்? பழைய போன் வாங்கலாமா?"

மாடல் பெயர் சொல்லவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள் தங்கச்சி. நான் இன்று ஒரு பெயரைச் சொன்னால், நீங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு பாண்டிச்சேரி நேரு வீதியில் போய் நிற்கும்போது அது ஸ்டாக்கில் இருக்காது. எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்லிவிடுகிறேன், பெயரை நீங்களே பிடித்துவிடுவீர்கள்.

உங்கள் வேலைக்கு நாலு கேமரா வேண்டாம். கேம் ஆடும் ப்ராசஸர் வேண்டாம். பஸ்ஸில் நெட் இல்லாமல்தான் பார்க்கப் போகிறீர்கள், அதனால் 5ஜிக்கென்று கூடுதலாகக் கொடுக்கவும் வேண்டாம். காசு போக வேண்டிய இடம் இரண்டுதான்: ஸ்டோரேஜும் ஸ்கிரீனும்.

ஸ்டோரேஜுக்குக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 720பி தர வீடியோ நொடிக்கு 2 மெகாபிட் என்று வைத்தால் (எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு எம்பி) ஒரு மணி நேரத்துக்கு 900 எம்பி. நாளைக்கு இரண்டு மணி, வாரத்தில் ஆறு நாள் என்றால் கிட்டத்தட்ட 11 ஜிபி. பார்த்ததை உடனே அழித்தால் சமாளிக்கலாம். ஆனால் தேர்வுக்குப் படிக்கிறவர் எதையும் அழிக்க மாட்டார், திரும்பப் பார்க்கலாம் என்று வைத்துக்கொண்டே இருப்பார். 64 ஜிபி போனில் ஆண்ட்ராய்டும், கம்பெனிக்காரர் போட்டுக் கொடுத்த ஆப்களும் சேர்ந்து 15 ஜிபிக்கு மேல் முதல் நாளே பிடித்துவிடும். அப்புறம் வாட்ஸ்அப், குடும்ப குரூப்பின் காலை வணக்கங்கள். ஒரு மாதம் தாங்கும், பிறகு பழைய கதைதான். ஆகவே 128 ஜிபி பாருங்கள். உங்கள் பட்ஜெட்டில் அது அமையவில்லை என்றால் 64 ஜிபியும் மெமரி கார்டும்.

இங்கே ஒரு தந்திரம் இருக்கிறது. பெட்டியில் பெரிதாக '8 ஜிபி ரேம்' என்று போட்டு, பக்கத்தில் குட்டியாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். பெட்டியைத் திருப்பிப் படியுங்கள், 4+4 என்று இருக்கும். ரேம் என்பது ஆப்கள் ஓடும்போது போன் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம். அந்த இரண்டாவது 4 ரேமே இல்லை. உங்கள் ஸ்டோரேஜிலிருந்து எடுத்து ரேம் மாதிரி ஓட்டுவது. அதாவது எந்த இடம் போதவில்லை என்று புது போன் வாங்குகிறீர்களோ, அந்த இடத்திலேயே 4 ஜிபியைக் கடித்துக்கொள்கிறது. செட்டிங்ஸில் ரேம் என்று தேடினால் வரும், அணைத்துவிடுங்கள். வீடியோவுக்கும் பிடிஎஃப்புக்கும் உண்மையான 4 ஜிபி ரேம் போதும்.

மெமரி கார்டு போடலாமா என்று கேட்டால் எல்லாக் கடைக்காரரும் "போடலாம்" என்பார்கள். சிம் ட்ரேயை இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். இதோ, என் கையில் இரண்டு ட்ரே இருக்கிறது, கேமராவுக்குக் கிட்டே கொண்டு வருகிறேன். இதில் மூன்று பள்ளம்: சிம், சிம், கார்டு. இதில் இரண்டுதான். இரண்டாவது பள்ளத்தில் சிம் போட்டால் கார்டு கிடையாது, கார்டு போட்டால் சிம் கிடையாது. உங்களிடம் சொந்த சிம் ஒன்று, ஆபீஸ் சிம் ஒன்று இருந்தால் இந்த இரண்டு பள்ளம் உதவாது. மூன்று பள்ளம் உள்ளதாகவே கேளுங்கள்.

கார்டு வாங்கும்போது ஜாக்கிரதை. நானே ஏமாந்தவன். ஒரு நடைபாதைக் கடையில் 128 ஜிபி கார்டு 250 ரூபாய் என்றார்கள், ஆசைப்பட்டு வாங்கினேன். போனில் போட்டால் 128 என்றே காட்டியது. முதலில் ஏற்றிய வீடியோக்கள் எல்லாம் ஓடின. அப்புறம் ஏற்றியவற்றுக்குப் பெயர் தெரிகிறது, தொட்டால் திறக்கவில்லை. உள்ளே இருந்தது 8 ஜிபி சிப். 128 என்று பொய் சொல்லும்படி எழுதி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அது கார்டு முழுவதையும் எழுதிப் பார்த்து, திரும்பப் படித்துப் பார்த்து உண்மையைச் சொல்லிவிடும். கொஞ்சம் நேரம் எடுக்கும், கார்டில் எதுவும் இல்லாதபோது ஓடவிடுங்கள்.

இன்னொன்று. பயிற்சி மையங்களின் ஆப்பில் டவுன்லோட் செய்யும் வகுப்புகள் பூட்டிய வீடியோக்கள், அந்த ஆப்புக்குள் மட்டும்தான் ஓடும். சில ஆப்கள் அவற்றைக் கார்டில் வைக்கவே விடாது, போனின் சொந்த இடத்தில்தான் வைக்கும். யூடியூபில் கார்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். உங்கள் வகுப்பு ஆப்பில் அந்த வசதி இருக்கிறதா என்று இப்போதே செட்டிங்ஸில் பாருங்கள். இல்லையென்றால் கார்டு கணக்கே செல்லாது, 128 ஜிபி போன்தான். பழைய போனிலிருந்து அந்த வீடியோக்களைக் காப்பி எடுக்கவும் முடியாது. புதிய போனில் லாகின் செய்து மறுபடி இறக்கும்வரை பழையதை அழிக்காதீர்கள்.

சரி, ஸ்கிரீன். பத்தாயிரத்துக்குள் பெரும்பாலும் எச்டி ப்ளஸ்தான் வரும், 720க்கு 1600 புள்ளிகள். அதற்கு மேல் ஃபுல் எச்டி ப்ளஸ், 1080க்கு 2400. வீடியோவுக்கு எச்டி ப்ளஸ் தாராளம். அந்தத் திரையில் 1080பி வீடியோவை இறக்குவது வீண், திரை எப்படியும் சுருக்கித்தான் காட்டும். இடம் மட்டும் இரட்டிப்பாகப் போகும். ஆனால் பிடிஎஃப் வேறு விஷயம். கடையில் டெமோவாக ஓடும் பூவையும் வண்ண மீனையும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டைப்-சி பென் டிரைவில் உங்கள் பாடப்புத்தகத்தின் ஸ்கேன் பக்கம் ஒன்றை எடுத்துப் போங்கள். கடை போனில் செருகி, முழுப் பக்கமும் திரையில் தெரியும்படி வைத்து, பெரிதாக்காமல் படியுங்கள். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன இரண்டும் பிரிந்து தெரிகிறதா? சுழிகள் ஒட்டிப்போனால் 'அரசுப் பணி' 'அரசுப் பனி' ஆகிவிடும். உங்கள் தேர்வுப் பாடத்திட்டத்தில் னகர, ணகர வேறுபாடும் உண்டு, ஆகவே இது வேடிக்கை இல்லை. ஒட்டிப்போனால் போனைப் படுக்கவைத்து அரைப் பக்கமாகப் பாருங்கள். அப்போதும் கண் சுருங்கினால் அந்தத் திரை உங்களுக்கு வேண்டாம், ஆயிரம் கூடினாலும் அடுத்தது.

காசு கொடுக்கும் முன் அந்தப் போனைக் கையில் எடுத்துக் கடை வாசலுக்கு வந்து, வெயிலில் ஒருமுறை பாருங்கள். மலிவான திரைகள் வெளிச்சத்தில் மங்கும். கூடவே ஒரு யோசனை: காலையில் நீங்கள் வடக்கே வருகிறீர்கள், கிழக்கு வெயில் டிரைவர் பக்கம் அடிக்கும். சாயங்காலம் தெற்கே திரும்புகிறீர்கள், மேற்கு வெயிலும் டிரைவர் பக்கம்தான். இரண்டு வேளையும் இடது பக்கம் உட்கார்ந்தால் ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் என்று வழி முழுக்க நிழலில் படிக்கலாம்.

பாடப்புத்தக பிடிஎஃப்பில் ஒரு வார்த்தையைத் தேடினால் 'இல்லை' என்று வருகிறதா? போன் பழுது இல்லை. எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறைக்கு யூனிகோடு என்று பெயர். அவற்றில் பல யூனிகோடு அல்லாத எழுத்துருவில் அடித்தவை. கண்ணுக்கு 'கல்வெட்டு' என்று தெரியும், உள்ளே இருப்பது வேறு ஏதோ குறிகள். எத்தனை ஆயிரம் கொடுத்து போன் வாங்கினாலும் இது மாறாது. அதேபோல் தோழி அனுப்பும் வேர்டு ஃபைல் வானவில், பாமினி எழுத்துருவில் இருந்தால் போனில் கிறுக்கலாகத் திறக்கும். அவரைக் கம்ப்யூட்டரிலேயே பிடிஎஃப்பாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள்.

பேட்டரி 5000 எம்ஏஎச் இந்த விலையில் சாதாரணமாகக் கிடைக்கிறது, உங்கள் இரண்டு மணி நேரத்துக்குக் கவலையில்லை. இயர்போன் துளை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நண்பர் ஏற்றிக் கொடுத்த வீடியோவில் படம் ஓடி ஒலி வராவிட்டால் விஎல்சி ப்ளேயரில் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் வந்துவிடும்.

பழைய போன்? வாங்கலாம். அதே காசுக்கு ஃபுல் எச்டி திரை கிடைக்கும் என்பதால் உங்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காசு கொடுக்கும் முன் *#06# அழுத்துங்கள், 15 இலக்க ஐஎம்இஐ எண், அதாவது போனின் தனி அடையாள எண் வரும். கேஒய்எம் (KYM) என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, அந்த எண், இதை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். போனின் கம்பெனியும் மாடலும் பதிலாக வரும். திருட்டு போன் என்று முடக்கியிருந்தால் அதுவும் தெரிந்துவிடும். பதிலில் ஒரு மாடல், கையில் ஒரு மாடல் என்றால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு சிம் போனில் இரண்டு எண் வரும், இரண்டையும் அனுப்பிப் பாருங்கள். பில்லில் அந்த எண்ணை எழுதித் தர மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.

அடுத்த கேள்வி பாகூரிலிருந்து, சார்ஜர் சூடாவது பற்றி.