இலவச டிவியில் தண்ணீர் வந்துவிட்டது!

வணக்கம் மக்களே. குரல் கரகரப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று ராத்திரி 2 மணிவரை இதே திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். பின்னால் பாருங்கள், ஓடுகிறது!

போன மாதம் சொன்னேனே, மயிலாடுதுறைத் தம்பி ஒருவருடைய வீடியோ ஆர்ட் (ஓவியம், சிலை மாதிரி கலைப்படைப்பாக எடுத்த வீடியோ), அதை வாங்கிவிட்டேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடை வாய்க்காலுக்கு வரும் அந்த முதல் நேரம். கேமராவைத் தரையில் வைத்து 11 நிமிஷம், ஒரே ஷாட். காய்ந்த மணல்மேல் தண்ணீர் நகர்கிறது, அதற்கு முன்னால் நுரை, நுரைக்கு முன்னால் எறும்புகள் ஓடுகின்றன. மொத்தம் 5 பிரதிதான், என்னுடையது இரண்டாவது. 18,000 ரூபாய், மூன்று தவணை.

உடனே கமெண்டில் கேட்பீர்கள், காப்பி பண்ணினால் எல்லாம் ஒன்றுதானே என்று. சுவாமிமலையில் மெழுகு உருவத்தின்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்துவிடுகிறார்கள். அந்தச் சிலை அந்த ஒன்றுதான். வீடியோவில் உடைக்க அச்சு இல்லை. அதனால் வீடியோவை எடுத்தவரே 'ஐந்துக்கு மேல் தரமாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். அந்தச் சான்றிதழ்தான் அச்சை உடைப்பதற்குச் சமம். நாளைக்கு நான் விற்றால் அதையும் கூடவே கொடுக்க வேண்டும். அது இல்லாமல் வெறும் ஃபைலை யாரும் வாங்க மாட்டார்கள். 2021 மார்ச்சில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் பீப்பிள் (Beeple) என்ற அமெரிக்க டிஜிட்டல் ஓவியரின் படத்தை 6.93 கோடி டாலருக்கு வாங்கியவர் நம் தமிழர், விக்னேஷ் சுந்தரேசன். அந்தப் படத்தை இன்றும் யார் வேண்டுமானாலும் போனில் பார்க்கலாம். அதனால் அவர் வாங்கியது இல்லை என்றாகிவிடுமா?

சரி, டிவி கதைக்கு வருகிறேன். தம்பி இதைப் பழைய மினி-டிவி (MiniDV) கேமராவில், அதாவது சின்ன டேப் போடும் வீடியோ கேமராவில், எடுத்திருக்கிறார். 4:3 சட்டம், ஒற்றைப்படைக் கோடுகளும் இரட்டைப்படைக் கோடுகளும் மாறிமாறி வரும், பழைய பிக்சர் டியூப் டிவிக்கென்றே ஆன படம். எல்இடியில் போட்டால் தண்ணீரின் விளிம்பு சீப்புப் பல் மாதிரி பிளந்து தெரிகிறது. போதாததற்கு, புது டிவிகள் தாமாகவே படத்தை வழவழ என்று ஆக்குகின்றன. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாண மண்டப எல்இடி சுவரையும் அப்படித்தான் வெறுக்கிறேன், உங்களுக்குத் தெரியும். அதனால் பரணிலிருந்து, 2006-க்கு அப்புறம் அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த அந்த 14 அங்குல இலவசக் கலர் டிவியை இறக்கினேன்.

இதற்கு, புதுக் கருவிகளின் ஹெச்டிஎம்ஐ இணைப்பிலிருந்து பழைய டிவியின் ஏவி துளைக்கு மாற்றும் டப்பா வேண்டும். கும்பகோணத்தில் ஒரு கடையில் 450 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தால், அது ஏவியிலிருந்து ஹெச்டிஎம்ஐக்கு மாற்றுவது! இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம், எழுத்து மட்டும் வேறு. பிரித்த டப்பாவை மாற்றித் தர மாட்டோம் என்றார்கள். நானே கேட்டு, கடைக்காரரே எடுத்துக் கொடுத்த டப்பா அது! மறுபடி பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய், 520 ரூபாய்க்குச் சரியானது கிடைத்தது. மஞ்சள் பின், வெள்ளைப் பின் செருகினேன். படம் கறுப்பு வெள்ளையில் மேலும் கீழும் உருள்கிறது. ஒன்றரை மணி நேரம் வயரைச் சந்தேகப்பட்டேன். கடைசியில் டப்பாவின் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு ஸ்விட்ச், என்டிஎஸ்சி என்ற அமெரிக்க டிவி முறையில் நின்றது. நம் ஊர் டிவிகளின் முறையான 'பால்' (PAL) பக்கம் தள்ளினேன். மணல் மஞ்சளாகிவிட்டது மக்களே! அந்த ஈர மண்ணின் நிறம்! எழுந்து நின்று கைதட்டினேன்.

அட, ஒன்றை விட்டுவிட்டேன். டிவியில் போடுவதற்கு முன்னாலேயே மூலஃபைலை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றைத் திருவாரூரில் அக்கா வீட்டில் வைத்துவிட்டேன். செக்சம் எண்ணும் சரிபார்த்தாயிற்று. ஃபைலில் ஒரு பிட் மாறினாலும் அந்த எண் காட்டிக்கொடுத்துவிடும். திண்ணையில் ஓடுவது பார்வைப் பிரதி மட்டும்தான்.

இப்போது என் பயமெல்லாம் பிக்சர் டியூப்தான். கொரியாவில் பிறந்த வீடியோ ஆர்ட் முன்னோடி 'நாம் ஜூன் பைக்' (Nam June Paik) பற்றிய வீடியோவில் நான் சொன்னது நினைவிருக்கிறதா? கொரியாவில் 1988-இல் 1003 டிவிகளை அடுக்கி அவர் எழுப்பிய கோபுரம். டிவிகள் பழுதாகி 2018-இல் நிறுத்திவிட்டார்கள். 2022-இல் மறுபடி ஓடியபோது அதில் 266 டிவிகளுக்குப் பதில் எல்சிடி வைக்க வேண்டியிருந்தது. எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

அதனால் கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கம் இருப்பவர்களே, உங்கள் வீட்டு இலவச டிவியைக் காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். படம் வருகிறதா, ஏவி துளை உடையாமல் இருக்கிறதா, அது போதும். ரிமோட் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கமெண்டில் ஊர்ப் பெயரை மட்டும் போடுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.