டிஸ்கவரி 39 முறை பறந்தது: அதே வண்டிதானா?

வணக்கம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "டிஸ்கவரி விண்வெளி ஓடம் 39 முறை போய் வந்தது என்றீர்களே, அதே வண்டிதானா, இல்லை பாகங்களை மாற்றிக்கொண்டே இருந்தார்களா? நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்ததை ஏன் நிறுத்தினார்கள்?"

முதல் கேள்விக்குப் பதில்: இறக்கை வைத்த அந்த வெள்ளை உடல் அதேதான். 1984 ஆகஸ்ட் 30-ல் முதல் பயணம், 2011 மார்ச் 9-ல் கடைசித் தரையிறக்கம். எல்லாப் பயணங்களையும் கூட்டினால் விண்வெளியில் 365 நாள். ஆனால் கிளம்பும்போது கூடவே நிற்குமே, ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய எரிபொருள் தொட்டி, அது ஒவ்வொரு முறையும் புதுசு. மேலே போனதும் கழற்றிவிட்டால் கீழே வரும்போதே எரிந்து சிதறிவிடும். பக்கவாட்டில் நின்று மேலே உந்தித் தள்ளும் இரண்டு பூஸ்டர் ராக்கெட்டுகள் பாராசூட்டில் கடலில் விழும். கப்பல் போய் இழுத்து வரும்.

வந்து இறங்கியதும் டீசல் போட்டு அடுத்த டிரிப் கிளம்புகிற கதை இல்லை. மூன்று எஞ்சின்களையும் கழற்றிச் சோதிக்க வேண்டும். உடம்பில் ஒட்டியிருக்கும் வெப்பக் காப்பு ஓடுகள் சுமார் 24,000. ஒவ்வொன்றும் தனி அளவு, தனி எண். பறந்து வந்த சூட்டில் நீர் புகாத பூச்சு எரிந்துபோயிருக்கும். அதனால் ஓடு ஓடாக ஊசி போட்டு மறுபடி மருந்து ஏற்றுவார்கள். டிஸ்கவரி 1985-ல் மட்டும் நான்கு முறை பறந்தது. அந்த வேகம் அப்புறம் வரவே இல்லை.

என்னைக் கேட்டால், திரும்பி வந்ததால் காசு மிச்சமானதைவிட, எது கெட்டுப்போயிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடிந்ததுதான் பெரிய லாபம். 1985 ஜனவரியில் ஃபுளோரிடாவில் கடுங்குளிர். டிஸ்கவரி பத்திரமாகப் போய் வந்துவிட்டது. ஆனால் கடலிலிருந்து எடுத்து வந்த பூஸ்டரைப் பிரித்தால், இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையத்தைத் தாண்டிப் புகைக்கரி படிந்திருக்கிறது. குளிரில் ரப்பர் விறைத்துப்போய் வாயு கசிந்திருக்கிறது. பார்த்தார்கள், எழுதியும் வைத்தார்கள். பறப்பதை நிறுத்தவில்லை. ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து, இன்னொரு குளிர்நாளில், அதே மாதிரி இணைப்பு விட்டுக்கொடுத்ததில் சாலஞ்சர் என்ற இன்னொரு ஓடம் ஏழு பேரோடு சிதறிப்போனது. விபத்துக்குப் பிறகு 1988 செப்டம்பரில் மீண்டும் முதலில் பறந்தது டிஸ்கவரிதான்.

ஹபிள் தொலைநோக்கியை 1990-ல் மேலே கொண்டுபோய் விட்டதும் இதுதான். பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கரான ஜான் கிளென் 1998-ல் 77 வயதில் போனதும், 2006 டிசம்பரில் சுனிதா வில்லியம்ஸ் முதன்முறையாகக் கிளம்பியதும் இதில்தான். சுனிதா திரும்பி வந்தது மட்டும் அட்லாண்டிஸ் என்ற இன்னொரு ஓடத்தில்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும். 1995-ல் ஏவுதளத்தில் நின்றபோது மரங்கொத்திகள் வந்து, எரிபொருள் தொட்டியின் நுரைப் பூச்சில் சுமார் 200 ஓட்டை போட்டுவிட்டன. கூடு கட்ட இடம் தேடியிருக்கின்றன, பாவம். மொத்த வாகனத்தையும் கொட்டகைக்குத் திருப்பிக் கொண்டுபோய் அடைத்தார்கள். ஜூனில் கிளம்ப வேண்டியது ஜூலை 13-ல்தான் கிளம்பியது. அப்புறம் பறவைகளை விரட்ட ஏவுதளத்தில் பிளாஸ்டிக் ஆந்தை வைத்தார்கள்.

சரி, ஏன் நிறுத்தினார்கள்? உடல் தேய்ந்துபோய் அல்ல. ஒவ்வொரு ஓடமும் 100 பயணம் தாங்கும் என்று கணக்குப் போட்டுத்தான் கட்டினார்கள். 2003-ல் கொலம்பியா என்ற ஓடம், திரும்பி வரும்போது கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரோடு சிதறியது. தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரை, கிளம்பும்போதே இறக்கையின் முன்விளிம்பை உடைத்திருந்தது. 2005-ல் டிஸ்கவரி மறுபடி போனபோது, எல்லார் கண்ணும் அதன் வயிற்றுப் பக்கம். ஓடுகளுக்கு நடுவில் இரண்டு இடத்தில் துணிப்பட்டை துருத்திக்கொண்டு நின்றது. இறங்கும்போது அங்கே சூடு ஏறிவிடுமோ என்று பயம். விண்வெளி வீரர் ஸ்டீவ் ராபின்சன் இயந்திரக் கையின் நுனியில் நின்றபடி அடிப்பக்கம் போய், விரலாலேயே இரண்டையும் உருவி எடுத்தார். பெயர்ந்து விழும் நுரையும் அந்தப் பயணத்தில் முழுசாக நின்றபாடில்லை. ஆட்களைத் தொட்டிக்கு மேலே வைக்காமல் பக்கத்தில் வைத்த அமைப்பே அப்படி. பழுது பார்த்துத் தீராது. விண்வெளி நிலையத்தைக் கட்டி முடித்துவிட்டு ஓடங்களை நிறுத்திவிடலாம் என்று 2004-லேயே அமெரிக்க அதிபர் புஷ் அறிவித்துவிட்டார்.

டிஸ்கவரி இப்போது வாஷிங்டன் பக்கத்தில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. பின்னால் தெரியும் எஞ்சின் வாய்கள் மாதிரிதான், அசல் இல்லை. ஓடங்களில் பறந்த அசல் எஞ்சின்களை நாசா அடுத்த ராக்கெட்டுக்கு எடுத்து வைத்துக்கொண்டது. அவற்றில் நான்கு 2022-ல் நிலாப் பயணத் திட்டமான ஆர்ட்டெமிஸின் ராக்கெட்டில் பறந்தன. அந்த ராக்கெட்டில் எதையும் மீட்கிற ஏற்பாடு கிடையாது. நான்கும் கடலோடு போயின.