லின் ஏன் போன் செய்யவில்லை?

நண்பர்களே, பிணம் கிடைக்காவிட்டால் கொலை வழக்கு நிற்காது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. சிட்னியில் நடந்த ஒரு வழக்கைச் சொல்கிறேன்.

1982 ஜனவரி. கடற்கரையை ஒட்டிய பேவியூ பகுதி. லின் என்கிற லினெட் டாசன், 33 வயது நர்ஸ். நாலு வயதிலும் இரண்டு வயதிலும் இரண்டு பெண் பிள்ளைகள். 8-ஆம் தேதி அம்மாவோடு போனில் பேசினார். அதுதான் கடைசி.

கணவர் கிறிஸ் டாசன் உடற்பயிற்சி ஆசிரியர். பள்ளி மாணவியாக இருந்த பெண்ணோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. லின் மறைந்த சில நாட்களிலேயே அந்தப் பெண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டார். மனைவியைக் காணோம் என்று போலீசில் சொன்னதோ பிப்ரவரி 18-இல். ஆறு வாரம் ஆகப்போகிறது!

கேட்டவர்களிடம், "அவளாகத்தான் போனாள், எனக்கு போன் செய்தாள்" என்றார். அந்த ஒரு பேச்சு அத்தனை காலம் செல்லுபடியானதுதான் எனக்கு ஆறவே இல்லை. இரண்டு பச்சைக் குழந்தைகளை விட்டுவிட்டு ஒரு தாய் போயிருப்பாள் என்று எவ்வளவு எளிதாக நம்பிவிட்டார்கள்! 2001-லும் 2003-லும் நடந்த மரண விசாரணைகள் குற்றம் சாட்டலாம் என்றே சொல்லின. அப்போதும் வழக்கு வரவில்லை. 2018-இல் ஒரு பாட்காஸ்ட் இதை மறுபடி ஊர் பேசவைத்தது. பழைய வீட்டைத் தோண்டிப் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த டிசம்பரில் கைது செய்தார்கள்.

2022 ஆகஸ்ட் 30-இல் நீதிபதி இயன் ஹாரிசன், ஜூரி இல்லாமல், ஏறக்குறைய ஐந்து மணி நேரம் தீர்ப்பை வாசித்தார். நேரில் பார்த்த சாட்சி இல்லை, ஆயுதம் இல்லை, உடலும் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் போதாது; சேர்த்துப் பார்த்தால் வேறு விளக்கத்துக்கு இடமே இல்லை. அப்புறம் அந்த போன். அம்மாவுக்குப் பேசவில்லை, தோழிகளுக்குப் பேசவில்லை. தன் வாழ்க்கையைக் கெடுத்தவருக்கு மட்டும் ஒரு பெண் போன் செய்வாளா? அது பொய் என்றார் நீதிபதி. தண்டனை 24 வருடம். 2024-இல் மேல்முறையீடும் தள்ளுபடியானது.

உடல் எங்கே என்று சொல்லாதவருக்குப் பரோல் கிடையாது என்று சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2022-இலேயே சட்டம் போட்டுவிட்டது. அவர் இன்னும் சொல்லவில்லை. மகளுக்கு என்ன ஆனது என்று தெரியாமலே அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார். தீர்ப்புக்குப் பிறகு குடும்பத்தார் கேட்டது ஒன்றுதான்: கணவர் பெயர் வேண்டாம், பிறந்த வீட்டுப் பெயரால் சொல்லுங்கள். லினெட் ஜாய் சிம்ஸ்.