சும்மா நிற்கிறதென்ன?

நேயர்கள் எல்லாருக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

நான் போதகர் இல்லை. பிரசங்கம் பண்ணிப் பழக்கமும் இல்லை. பதினாலு வருஷம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் தெர்மோடைனமிக்ஸ் நடத்தியவன். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் வேலையில்லாமல் வீட்டில் இருந்தவன். இந்த இரண்டாவது தகுதிக்காகத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வேலையில்லாத காலத்தில் விசுவாசத்தை எப்படிக் காத்துக்கொண்டீர்கள் என்று பேசச் சொன்னார்கள். காத்துக்கொண்டேன் என்று அடித்துச் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

2019 டிசம்பர் 31 ராத்திரி. வருஷக் கடைசி ஆராதனை முடிந்து, புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கொண்டுவந்தார்கள். எனக்கு வந்தது உபாகமம் 28:13. ‘கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்.’ பக்கத்தில் நின்றவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இந்த வருஷம் எச்.ஓ.டி. ஆயிருவீங்க போல" என்றார். துறைத் தலைவரைத்தான் அப்படிச் சொல்வோம். வீட்டில் அதை பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்தாள் என் மனைவி.

மார்ச்சில் ஊரடங்கு. ஏப்ரலிலும் மேயிலும் பாதிச் சம்பளம். ஜூனில் ஒரு திங்கட்கிழமை ஆபீசிலிருந்து போன். "சார், அடுத்த செமஸ்டருக்கு நீங்க வர வேண்டாம்னு மேனேஜ்மென்ட்ல சொல்லிட்டாங்க." எழுத்தில் ஒன்றும் கிடையாது. நேரில் போய்க் கேட்டால், ராஜினாமா கடிதம் எழுதிக் கொடுங்கள், அப்புறம்தான் ஒரிஜினல் சர்டிபிகேட் என்றார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.இ. பட்டம் வரைக்கும் அவர்கள் பீரோவில் இருந்தது. அப்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். சர்டிபிகேட் இல்லாமல் அடுத்த வேலைக்கு எங்கே போவது? எழுதிக் கொடுத்தேன். ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல என் கையாலேயே எழுதினேன். இன்றைக்கும் உறுத்துகிறது அந்த இரண்டு வார்த்தை.

அது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் கல்லூரி. பெயர் வேண்டாம். நுழைவாயில் வளைவில் ‘கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்’ என்று பெரிதாக எழுதியிருக்கும். பதினாலு வருஷம் அதன் கீழேதான் போய் வந்தேன். வேறு யாராவது செய்திருந்தால் உலகம் அப்படித்தான் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். ஜெபம் பண்ணிவிட்டுக் கூட்டத்தை ஆரம்பிக்கிறவர்கள் செய்ததுதான் தாங்கவில்லை.

முதல் ஆறு மாதம் பணக் கஷ்டத்தைவிட ஞாயிற்றுக்கிழமைதான் பயமாக இருந்தது. கோவில் வாசலில் செருப்பை விடும்போதே யாராவது கேட்பார்கள், "இப்ப எங்க இருக்கீங்க?" வீட்டில் இருக்கிறேன் என்று சொன்னால் சிரிப்பார்கள், விளையாட்டாகச் சொல்கிறேன் என்று. "சும்மாதான் இருக்கேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் ‘சும்மா’ தொண்டையில் சிக்கும். அதனால் முதல் பாட்டு முடிந்த பிறகு உள்ளே போய், ஆசீர்வாதம் கூறுவதற்கு முன் வெளியே வந்துவிடுவேன். சங்கக் காணிக்கை பாக்கி விழுந்தது. நற்கருணைக்கும் போகவில்லை. சகோதரனோடு மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு அந்தப் பந்திக்கு எப்படிப் போவது? எனக்கு இருந்ததை மனஸ்தாபம் என்று சொன்னால் அது கம்மி. சங்கீதம் 109-இல் ஒரு வரி இருக்கிறது. ‘அவன் உத்தியோகத்தை வேறொருவன் பெறக்கடவன்.’ தாளாளரை நினைத்துக்கொண்டு சிவப்புப் பென்சிலால் அதற்குக் கோடு போட்டேன். வேதாகமத்தில் எனக்கு அவ்வளவு பிடித்துப்போன வசனம் அந்த நாட்களில் வேறே இல்லை.

தேற்ற வந்தவர்கள் நல்லவர்கள். அதையும் சொல்லவேண்டும். ஒருவர் அரிசி மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனார். பேசினவர்கள்தான் சங்கடம். "தசமபாகம் ஒழுங்கா கொடுத்தீங்களா, யோசிச்சுப் பாருங்க" என்றார் ஒருவர். மாதத்துக்கு நாலு பேராவது எரேமியா 29:11-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள், பூப்படத்தோடு. உங்கள்பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகள் சமாதானத்துக்கேதுவானவை என்கிற வசனம். அதற்கு முந்தின வசனத்தை யாரும் அனுப்பவில்லை. பாபிலோனில் எழுபது வருஷம் ஆன பிறகு என்று பத்தாம் வசனம் சொல்கிறது. எழுபது! அந்தக் கடிதம் கைக்கு வந்தபோது நாற்பத்தைந்து வயதில் இருந்த ஒருவனை நினைத்துக்கொள்வேன். வீட்டைக் கட்டு, தோட்டம் போடு என்று மட்டும் அவனுக்குச் சொல்லியிருக்கிறது. ஊர் திரும்புவது அவன் பேரப்பிள்ளைகளுக்கு.

எங்கள் சபையில் ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் இருந்தார். எண்பது தாண்டியவர். நான் ஓய்வுநாள் பள்ளியில் படித்த காலத்திலிருந்து என்னை ‘ஏல’ என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் சாயங்காலம் வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கருப்பட்டிக் காப்பி கொடுத்தோம்.

"ஜெபம் பண்ணுதியால?"

"பண்ணுதேன் ஐயா."

"என்ன சொல்லுத?"

"எல்லாத்துக்காகவும் ஸ்தோத்திரம் சொல்லுதேன்."

"பொய் சொல்லாத. வயிறு எரியுதுல்லா, அதச் சொல்லு. ஆண்டவருக்குத் தெரியாதாக்கும்?"

சங்கீதம் 88-ஐ எடுத்து வாசிக்கச் சொன்னார். வாசித்துப் பாருங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கை பக்கம் திரும்பிவிடும். இது திரும்பாது. கூப்பிடுகிறேன், ஏன் முகத்தை மறைக்கிறீர் என்று கேட்டுக்கொண்டே போய் இருட்டிலேயே முடிந்துவிடும். "இதையும் சேத்துத்தான கட்டியிருக்கான்" என்று புஸ்தகத்தைத் தட்டிக் காட்டினார் பெரியவர். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். முடிவு ஜெபம்கூடப் பண்ணவில்லை.

அதற்குப் பிறகு நான் ஜெபம் பண்ணின விதம் மாறியது. சத்தம் போட்டேன் என்றே சொல்லலாம்.

அந்த நாட்களில்தான் மத்தேயு 20 எனக்குத் திறந்தது. திராட்சத்தோட்டத்து வேலையாட்கள் உவமை. வீட்டெஜமான் காலையில் கூலிக்கு ஆள் அமர்த்துகிறான். நாளுக்கு ஒரு பணம் என்று பேச்சு. சாயங்காலம் பதினோராம் மணி வேளையில், நம் கணக்குக்கு ஐந்து மணி, மறுபடி கடைத்தெருவுக்குப் போகிறான். இன்னும் சிலர் நிற்கிறார்கள். ‘நீங்கள் பகல்முழுவதும் இங்கே சும்மா நிற்கிறதென்ன’ என்று கேட்கிறான். ‘ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை’ என்கிறார்கள். கடைசியில் எல்லாருக்கும் ஒரே கூலி.

வேலையில் இருந்தவரைக்கும் இந்த உவமை எனக்குப் பிடிக்காது. மனதுக்குள் காலையில் வந்தவர்கள் கட்சிதான். வெயிலில் பாடுபட்டவனுக்கும் ஒரு மணி நேரம் செய்தவனுக்கும் ஒரே கூலியா, இது என்ன நியாயம்? வேலை போன பிறகு வாசித்தபோது நான் ஐந்து மணிக்காரர்களோடு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் காலை ஆறு மணிக்குக் கொத்தனாரும் சித்தாளும் தூக்குச்சட்டியோடு நிற்பார்கள். ஒன்பது மணி வரை யாரும் கூப்பிடாவிட்டால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குமேல் நிற்பது வீண். இந்த மனுஷர்களோ ஐந்து மணி வரை நின்றிருக்கிறார்கள். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக முகமில்லாமல்கூட நின்றிருக்கலாம். அதை வேலை என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சும்மா நிற்பது எவ்வளவு களைப்பு என்று நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஒரு நாள் கூலி என்பது ஒரு வீட்டின் ஒரு நாள் சாப்பாடு. ஐந்து மணிக்கு வந்தவன் வீட்டுப் பிள்ளைக்கும் முழுப்பசிதானே.

அரசாங்கம் கொடுக்கிற உதவித்தொகை பற்றியும் விசாரித்தேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் ஆன பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். பொறியியல் பட்டம் என்றால் அதுவும் கிடையாது. கவுன்டரில் இருந்த அம்மா, "சார், நீங்க படிச்சது ஜாஸ்தி" என்றார். அன்றைக்குத்தான் ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தேன்.

பழைய மாணவன் ஒருவன் பார்க்க வந்தான். தேர்வுமேல் தேர்வாக எழுதிக்கொண்டிருந்தவன். அவன் பெரியப்பா பிள்ளைகளும் அவனும் ஒரே தெரு, ஒரே சாதி. அவர்கள் சான்றிதழில் எஸ்.சி. இவன் தாத்தா ஞானஸ்நானம் எடுத்ததால் இவனுக்கு பி.சி. இந்துக்களுக்கு மட்டும்தான் எஸ்.சி. என்றது 1950-இல் போட்ட குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களைச் சேர்க்கவில்லை. "சார், ஊர்ல எங்களை யாரும் பி.சி.யா நடத்தலையே" என்றான். சாதிக்கொரு தனிக் கல்லறைத் தோட்டம் வைத்திருக்கிற சபைகள் இன்றைக்கும் இருக்கும்போது அவனுக்கு நான் என்ன பதில் சொல்வது? என் வழக்கை மட்டுமே பெரிதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அவன் வந்தது நல்லதாயிற்று. அவன் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிறவன். எப்படி என்று கேட்டேன். "இயேசு போட்ட ஆணையா சார் அது?" என்றான்.

அவன் போன பிறகுதான் கிராஜுவிட்டி கேட்டு லேபர் ஆபீசில் மனு போடுவது என்று முடிவெடுத்தேன். பணிக்கொடை. ஐந்து வருஷம் தொடர்ந்து வேலை பார்த்தால் ராஜினாமா செய்தவனுக்கும் உண்டு. கடைசியாக வாங்கின அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் எனக்கு 26,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கினால் வருஷத்துக்கு 15,000. பதினாலு வருஷத்துக்கு 2,10,000 ரூபாய். வாத்தியார்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தாது என்று முன்பு ஒரு தீர்ப்பு இருந்தது. 2009-இல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரலிலிருந்தே எங்களையும் சேர்த்துவிட்டார்கள்.

மனு போட்டது தெரிந்ததும் சபை மூப்பர் ஒருவர் வீடு தேடி வந்தார். 1 கொரிந்தியர் 6. விசுவாசிக்கு விரோதமாக விசுவாசி வழக்காடலாமா? அநியாயத்தைச் சகித்துக்கொள், கர்த்தர் பார்த்துக்கொள்வார். அவர் போன பிறகு ராத்திரி முழுக்க அந்த அதிகாரத்தையே வாசித்துக்கொண்டிருந்தேன். சகோதரருக்குள்ளான வழக்கைத் தீர்க்க உங்களுக்குள் ஒரு விவேகிகூட இல்லையா என்று பவுல் சபையைப் பார்த்துக் கேட்கிறார். ஆகவே மறுநாள் மூப்பரிடம் போய், நீங்களே அந்த விவேகியாக இருந்து தாளாளரிடம் பேசுங்களேன் என்றேன். பாவம், அவர் பேசத்தான் போனார். அரை மணி நேரம் வெளியே உட்கார வைத்து, சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த அதிகாரத்தை அவர் எடுக்கவில்லை.

அதே பவுல் பிலிப்பி சிறையில் என்ன செய்தார்? விசாரிக்காமல் அடித்துச் சிறையில் போட்டவர்கள், காலையில் அந்த மனுஷரை விட்டுவிடு என்று சிறைக்காரனுக்கு ஆள் அனுப்பினார்கள். ரோமராகிய எங்களை வெளியரங்கமாய் அடித்துவிட்டு இப்போது ரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போகட்டும் என்று உட்கார்ந்துகொண்டார். அந்த ராத்திரி பாட்டுப் பாடி ஜெபம் பண்ணின அதே வாய். அப்போஸ்தலர் 16-இல் பாட்டை மட்டும் பிரசங்கிப்பார்கள். முப்பத்தேழாம் வசனம் வரைக்கும் வருகிறவர்களை நான் அதிகம் கேட்டதில்லை.

லேபர் ஆபீஸ் வராண்டாவில் ஒரே ஒரு பெஞ்சு. நாலு பேர் உட்காரலாம், ஆறு பேர் உட்கார்ந்திருப்போம். மில்லில் கை போனவர் ஒருவர், பீடிக் கம்பெனி அம்மாக்கள் இரண்டு பேர், செக்யூரிட்டி வேலை பார்த்த பெரியவர் ஒருவர். எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை, அடுத்த தேதி. அதிகாரி மாறுதலாகிவிட்டார், அடுத்த தேதி. இப்படிப் பதினோரு தடவை. அந்த பெஞ்சில் லூக்கா 18-ஐ நினைத்துக்கொள்வேன். சோர்ந்துபோகாமல் ஜெபம் பண்ணுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க இயேசு யாரைக் காட்டினார்? நியாயாதிபதி வீட்டு வாசலுக்கு நடையாய் நடந்த ஒரு விதவையை. எனக்கு நியாயம் செய்யும் என்பதுதான் அவள் கேட்டது. கர்த்தரிடம் விட்டுவிடு என்று சொன்னவர்களெல்லாம் அவளை எங்கே வைப்பார்கள் என்று தெரியவில்லை. எனக்கு அந்த வராண்டாவும் ஜெப அறையும் வேறு வேறாகத் தோன்றாமல் போய் ரொம்ப நாளாயிற்று.

2023-இல் உத்தரவு வந்தது. பணமும் வந்தது, வட்டியைத் தவிர. திரும்பக் கிடைத்த சர்டிபிகேட்டுகளில் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் மட்டும் பஞ்சிங் மிஷின் ஓட்டை இரண்டு. இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் இருக்கிறேன், பழைய சம்பளத்தில் முக்கால் வாசி. நற்கருணைக்குப் போகிறேன். தாளாளரை மன்னித்துவிட்டாயா என்று மனைவி கேட்டாள். சில ஞாயிறு ஆமாம், சில ஞாயிறு இல்லை. சிவப்புப் பென்சில் கோட்டை அழிக்கவில்லை. அழித்தாலும் அந்தத் தாளில் தடம் இருக்கும்.

கேட்டுக்கொண்டிருக்கிறவர்களில் யாருக்காவது இப்படி பாக்கி இருந்தால், நாளை திங்கட்கிழமை, லேபர் ஆபீஸ் பத்து மணிக்குத் திறந்திருக்கும். நியமன ஆணை நகல், கடைசிச் சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் நகல் மட்டும் கொடுங்கள், ஒரிஜினலைக் கையை விட்டு விடாதீர்கள். குடிக்கத் தண்ணீரும் கொண்டுபோங்கள். பெஞ்சில் இடம் இருக்காது. கேட்டால் கொஞ்சம் நகர்ந்துகொள்வார்கள்.

வணக்கம்.