இறுக்கினால் நிற்காத ஒழுகல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆட்டோமேட்டிக் கியர் வண்டிக்கு அடியில் சிவப்பாக எண்ணெய் சொட்டுவதைப் பார்த்ததும் பலர் ஸ்பேனரோடு கீழே படுத்து, கியர்பாக்ஸின் அடியில் எண்ணெய் தங்கும் தட்டான ஆயில் பேனின் போல்ட்டுகளை ஒரு சுற்று முறுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

அந்தப் பேன் பெரும்பாலும் மெல்லிய தகடு. அளவுக்கு மீறி இறுக்கினால் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் விளிம்பு மேல்நோக்கிப் புடைத்துக்கொள்ளும். போல்ட் உள்ள இடத்தில், பேனுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் கேஸ்கட் நசுங்கும். இரண்டு போல்ட்டுக்கு நடுவே அழுத்தமே இருக்காது. அந்த இடைவெளியில்தான் எண்ணெய் வழியும். பேனைக் கழற்றி விளிம்பில் ஒரு நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள், மேடுபள்ளம் கண்ணுக்கே தெரியும். லேசான புடைப்பைத் தட்டிச் சமன் செய்யலாம். முறுகிப் போயிருந்தால் புதுப் பேன்தான்.

கழற்றும் முன் ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்று உறுதி செய்யுங்கள். மேலே எண்ணெயைக் குளிர்விக்கும் கூலர் குழாயிலோ, கியர் லிவர் தண்டைச் சுற்றி அடைக்கும் சீலிலோ கசிந்தாலும் எண்ணெய் பேன் விளிம்பில் வந்துதான் தொங்கும். அடிப்பகுதியைச் சுத்தமாகக் கழுவித் துடைத்து, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, டார்ச் அடித்து, ஈரம் தொடங்குகிற உயரமான இடத்தைத் தேடுங்கள். என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்திலிருந்து வந்தால் உள்ளே இருக்கிற முன் சீல் போயிருக்கலாம். அதற்குக் கியர்பாக்ஸையே இறக்க வேண்டும். கேஸ்கட் மாற்றிப் பயனில்லை.

பேன்தான் என்றால், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் போடுங்கள். எண்ணெய் ஆறட்டும். வெளியே வந்த எண்ணெயை அளந்து வையுங்கள். என்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும் என்பதால், வந்த அளவுதான் நிரப்பும் கணக்குக்கு அடிப்படை.

பேனுக்குள் ஒட்டியிருக்கும் காந்தத்தைக் கவனியுங்கள். சாம்பல் நிறத்தில் மைபோலப் படிந்திருந்தால் அது இயல்பான தேய்மானம், துடைத்துவிடலாம். விரலில் குத்துகிற உலோகச் சில்லுகள் இருந்தால் கோளாறு கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. ஃபில்டரையும் இப்போதே மாற்றிவிடுங்கள். துடைக்க நூல் பிரியாத துணி வேண்டும்; ஒரு இழை வால்வுக்குள் போனாலும் தொல்லை.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கீறல் விழக் கூடாது. புதியதை உலர்ந்த பரப்பில் வையுங்கள். வண்டிக் கையேடு சொன்னாலொழிய சீலன்ட் எனும் அடைப்புப் பசை பூச வேண்டாம். எல்லா போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றி, நடுவிலிருந்து மாற்றி மாற்றி, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் முடியுங்கள். பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் தேவைப்படும். உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும்.

கையேடு சொல்லும் ரக எண்ணெயையே ஊற்றுங்கள். அளவை வண்டி சமதளத்தில் நிற்க, கையேட்டில் உள்ள முறைப்படி, சொன்ன வெப்பநிலையில் பாருங்கள். எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கே இல்லாத வண்டிகளில் இந்த வெப்பநிலைக் கணக்கு மிக முக்கியம். கியர் போட்டும் வண்டி தயங்கித் தயங்கி நகர்ந்தால் எண்ணெய் குறைவாக இருக்கலாம். அந்த நிலையில் ஓட்டினால் உள்ளே கிளட்ச் தட்டுகள் கருகும். ஓட்டாமல், இயங்கு சக்கரங்கள் தரையில் உருளாதபடி வண்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.